கேக் அலங்காரத்திற்கான எடிபிள் பிரிண்டர்: வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக்கின் மேல் புகைப்படம், பெயர், சின்னம் போன்றவற்றை உண்ணத்தக்க மையால் அச்சிட்டுத் தர விரும்புவோர் பிரிண்டர் வாங்கும் முன் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. அடைத்துக்கொண்டால் திறந்து கழுவுவதற்கும், பழுதானால் மையைத் தெளிக்கும் பகுதியான பிரிண்ட் ஹெட்டை மாற்றுவதற்கும், தீர்ந்தால் மை கிடைப்பதற்கும் வழியுள்ள பிரிண்டரே இந்த வேலைக்கு நம்பகமானது என்பது எங்கள் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த அடிப்படையிலேயே அமைந்தவை.

எடிபிள் பிரிண்டர் என்பது தனியாகத் தயாரிக்கப்படும் இயந்திரமா?

பெரும்பாலும் இல்லை. கடைகளில் எடிபிள் பிரிண்டர் என்று விற்கப்படுபவற்றில் அநேகமானவை கேனான் அல்லது எப்சன் நிறுவனத்தின் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்கள்தாம். விற்பனையாளர் புதுப் பிரிண்டரை வாங்கி, அதனுடன் வந்த மையைப் பயன்படுத்தாமல், உண்ணத்தக்க மை நிரப்பிய கார்ட்ரிட்ஜ்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்கிறார். ஆகவே பெட்டியின் மேல் என்ன பெயர் ஒட்டப்பட்டிருந்தாலும், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பிரிண்ட் ஹெட் எப்படிப்பட்டது, காகிதம் எந்த வழியாகச் செல்கிறது, மாற்றுக் கார்ட்ரிட்ஜ் கிடைக்குமா ஆகிய மூன்றுக்குமான விடை அந்த மாடல் எண்ணில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

உணவின் மேலேயே நேரடியாக அச்சிடும் இயந்திரங்களும் உண்டு. பிரைமேரா நிறுவனத்தின் எடி என்ற பிரிண்டர் குக்கீ, மாக்கரோன் போன்றவற்றின் மேல் நேரடியாக அச்சிடுகிறது. ஒரே அளவுள்ள குக்கீகளை நூற்றுக்கணக்கில் செய்பவருக்கு அது பொருந்தும். முழு கேக்கின் மேல் படம் வைப்பவருக்கு அது தேவைப்படாது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்டரைக் கழுவிவிட்டு உண்ணத்தக்க மை ஊற்றிப் பயன்படுத்தலாமா?

கூடாது. சாதாரண மை ஒருமுறை ஓடிய பிரிண்ட் ஹெட்டிலும், அதன் நுண்துளைகளிலும், சுத்தம் செய்யும் பகுதியில் உள்ள ரப்பர் மூடியிலும் பஞ்சிலும் அந்த மை தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் அது முழுமையாக நீங்கியது என்று வெறும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. சாதாரண மையில் உணவுக்கு அனுமதிக்கப்படாத சாயங்களும் கரைப்பான்களும் உள்ளன. குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் அவற்றில் ஒரு துளிகூடச் சேரக் கூடாது. இதே காரணத்தால், பயன்படுத்திய பிரிண்டரை மலிவாக வாங்கி மாற்றிக்கொள்வதும் தவறு. புதுப் பிரிண்டரை வாங்கி நீங்களே மாற்றுவதாக இருந்தால், பெட்டியில் வரும் கார்ட்ரிட்ஜ்களை ஒருமுறைகூடப் பொருத்தக் கூடாது. அப்படி ஒதுக்கிய பிரிண்டரில் அலுவலகத் தாள் ஒன்றைக்கூடச் சாதாரண மையில் அச்சிடக் கூடாது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி, பிரிண்டரின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

லேசர் பிரிண்டர் உதவுமா?

உதவாது. லேசர் பிரிண்டர் பிளாஸ்டிக் கலந்த டோனர் தூளைச் சூட்டால் உருக்கித் தாளில் பதிக்கிறது. அந்தத் தூள் உண்ணத்தக்கதன்று. படத்தை அச்சிட்டுக் கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைத் தாளான ஐசிங் ஷீட்டும் அந்தச் சூட்டைத் தாங்காது.

கேனான் நல்லதா, எப்சன் நல்லதா?

இந்தக் கேள்விக்கு இரண்டின் பிரிண்ட் ஹெட்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். கேனான் பிரிண்டரில் ஒவ்வொரு நுண்துளைக்கும் பின்னால் ஒரு சிறிய சூடேற்றி இருக்கிறது. அது மையை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சூடாக்கி ஒரு நீராவிக் குமிழியை உண்டாக்க, அந்தக் குமிழி மைத்துளியை வெளியே தள்ளுகிறது. எப்சனில் சூடு கிடையாது. மின்சாரம் பாயும்போது வளையும் பீசோ படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது.

சூடில்லாத முறை உணவு மைக்கு உகந்தது போலத் தோன்றும்; மையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் பராமரிப்பு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. எப்சனின் வீட்டு மாடல்களில் பிரிண்ட் ஹெட் இயந்திரத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பயன்படுத்துபவர் அதைக் கழற்றிக் கழுவ முடியாது. கேனானின் பல மாடல்களில், குறிப்பாகத் தனித்தனி வண்ணக் கார்ட்ரிட்ஜ் கொண்ட பழைய பிக்ஸ்மா வரிசைகளில், ஒரு நெம்புகோலைத் தூக்கினால் பிரிண்ட் ஹெட் கையோடு வந்துவிடும். உண்ணத்தக்க மை சர்க்கரை போன்ற பிசுபிசுப்போடு காயும் இயல்புடையது என்பதால், அடைப்பு என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அந்த நாளில் ஹெட்டைக் கழற்ற முடிவது பெரிய வசதி. கேக் தொழிலில் கேனான் மாடல்கள் அதிகம் புழங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எப்சனிலும் அழகாக அச்சிடலாம். அன்றாடம் அச்சிடும் கடைகளில் அது நன்றாகவே உழைக்கும். விட்டுவிட்டு அச்சிடுபவருக்குக் கேனானையே பரிந்துரைப்போம். ஆனால் கேனானுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: மை தீர்ந்த கார்ட்ரிட்ஜோடு தொடர்ந்து அச்சிட்டால், சூடேற்றியைக் குளிர்விக்க மை இல்லாமல் ஹெட் எரிந்துபோகலாம். திரையில் பி200 என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் ஹெட்டில் சூடு அல்லது மின்னழுத்தக் கோளாறு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். கழுவிச் சரியாகாவிட்டால் ஹெட்டை மாற்ற வேண்டும். சில மாடல்களில் புது ஹெட்டின் விலைக்குப் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம் என்பதால், இரண்டையும் விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

வாரத்திற்கு ஓரிரு கேக்குகள்தாம் செய்கிறேன். எனக்குப் பிரிண்டர் தேவையா?

வாரம் ஒருமுறையாவது நிச்சயமாக அச்சிடுவீர்கள் என்றால் வாங்கலாம். மாதத்தில் ஓரிரு முறைதான் தேவைப்படும் என்றால், அச்சிட்டுத் தரும் ஒருவரிடம் படத்தை அனுப்பி ஷீட்டாக வாங்கிக்கொள்வதே சிக்கனமானது, நிம்மதியானதும்கூட. பிரிண்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பிராண்டைவிட, எவ்வளவு அடிக்கடி அச்சிடுகிறீர்கள் என்ற இந்த ஒரு விஷயத்துக்கே பங்கு அதிகம். மூன்று வாரம் சும்மா கிடக்கும் பிரிண்டரில் நுண்துளைகளில் மை உலர்ந்துவிடும்; அதைத் திறக்க ஓட்டும் ஒவ்வொரு சுத்தம் செய்யும் சுற்றும் கணிசமான மையைக் குடித்துவிடும். அச்சிடாமலேயே கார்ட்ரிட்ஜ் காலியாகிவிட்டது என்று புலம்புவோரில் பலருடைய மை போனது இந்த வழியில்தான்.

வாங்கிவிட்டால், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சாதாரண வெள்ளைத் தாளில் நாசில் செக் எனப்படும் சோதனைப் பக்கத்தை எடுங்கள். அதில் வண்ணக் கட்டங்களும் மெல்லிய கோடுகளும் வரும். கோடுகள் முழுமையாக இருந்தால் பிரிண்டர் நலமாக இருக்கிறது. சிவப்புக் கட்டத்தில் ஒரு வெள்ளை இழை ஓடுவதைப் பார்த்தால் அன்றே ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். அதைக் கவனிக்காமல் விட்டு, சனிக்கிழமை காலை ஒரு முகத்தை அச்சிடும்போது கன்னம் பச்சை கலந்து வந்த பிறகு விழிப்பதில் பயனில்லை.

இரண்டு கார்ட்ரிட்ஜ், ஐந்து கார்ட்ரிட்ஜ், டேங்க்: எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கார்ட்ரிட்ஜ் மாடல்களில் பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும் என்பது இதன் பெரிய அனுகூலம். மூன்று வண்ணங்களும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருப்பதால், சிவப்பு தீர்ந்தால் மிச்சமுள்ள நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியிருப்பது குறை. குறைவாக அச்சிடும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இது மோசமான தேர்வன்று.

ஐந்து கார்ட்ரிட்ஜ் மாடல்களில் வண்ணங்கள் தனித்தனியே இருக்கும். தீர்ந்ததை மட்டும் மாற்றலாம், முகங்களின் நிறமும் நன்றாக வரும். இதில் பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. கேனானின் இத்தகைய மாடல்களில் இரண்டு கறுப்பு இருக்கும். தாள் வகையைச் சாதாரணத் தாள் என்று வைத்தால் பெரிய கறுப்புக் கார்ட்ரிட்ஜும், புகைப்படத் தாள் என்று வைத்தால் சிறிய கறுப்பும் இயங்கும். ஐசிங் ஷீட்டில் கறுப்பு எழுத்து மங்கலாகவோ கசிந்தோ வந்தால், மையைக் குறை சொல்வதற்கு முன் இந்த அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகத் தொட்டியில் மை ஊற்றும் டேங்க் பிரிண்டரை மை மலிவு என்பதற்காகப் பலர் விரும்புகிறார்கள். அலுவலக மைக்கு அது சரி. உண்ணத்தக்க மைக்குக் காலாவதித் தேதி உண்டு; டேங்கிலும் நீண்ட குழாய்களிலும் மாதக்கணக்கில் நிற்கும் மையில் படிவு சேரும், அந்தக் குழாய்களைக் கழுவுவதும் எளிதன்று. தினமும் பல ஷீட் அச்சிடும் கடைக்கு மட்டுமே டேங்க் பொருந்தும்.

தாள் செல்லும் வழி ஏன் முக்கியம் என்கிறார்கள்?

ஐசிங் ஷீட் சாதாரணத் தாளைவிடத் தடிமனானது. பிளாஸ்டிக் தாளின் மேல் படிந்த மெல்லிய சர்க்கரைப் படலம் அது. முன்பக்கத் தட்டிலிருந்து தாளை இழுக்கும் பிரிண்டர்களில், தாள் உள்ளே ஆங்கில யு எழுத்தைப் போலத் திரும்பி வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஐசிங் படலம் விரிசல் விடும் அல்லது பிளாஸ்டிக்கை விட்டு உரிந்து உருளைகளில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ச்சால் ஆன வேஃபர் பேப்பர் இன்னும் எளிதாக முறியும். எனவே பின்பக்கத்திலிருந்து ஏறக்குறைய நேராகத் தாள் செல்லும் வழி இருக்கும் மாடலை மட்டும் பாருங்கள். இந்த வசதி இல்லாத பிரிண்டர் மற்ற எல்லா வகையிலும் சிறந்ததாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஷீட்டை ஒன்று ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். ஓரத்தில் மை பூசிக்கொண்டு வந்தால், கேனானின் அமைப்புகளில் தாள் உரசலைத் தடுக்கும் விருப்பம் இருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையே இடைவெளி கூடும். விளிம்பில்லா அச்சு என்ற விருப்பத்தை அணைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் ஷீட்டுக்கு வெளியே தெறிக்கும் மை உள்ளே படிந்து அடுத்த ஷீட்டின் பின்புறத்தில் ஒட்டும்.

ஏ4 போதுமா, ஏ3 வேண்டுமா?

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஓரங்களில் விடும் இடத்தைக் கழித்தால், சுமார் 19 சென்டிமீட்டர் வரையிலான வட்டப் படத்தை ஒரே ஷீட்டில் அச்சிடலாம். 25 சென்டிமீட்டர் கேக்கின் மேற்புறம் முழுவதையும் ஒரே படத்தால் மூட வேண்டுமென்றால் ஏ3 வேண்டும். கேனான் பிக்ஸ்மா ஐஎக்ஸ்6800 வரிசை ஏ3 அளவையும் தாண்டி அச்சிடக்கூடியது. பின்பக்க வழியும் ஐந்து கார்ட்ரிட்ஜும் உடையது. ஏ3 பிரிண்டர் இடத்தையும் மையையும் கூடுதலாகக் கேட்கும் என்பதால், பெரிய கேக்குகள் எப்போதாவதுதான் வருமானால் ஏ4 வாங்கி, படத்தைச் சுற்றிக் கிரீமால் விளிம்பு அமைத்துக்கொள்ளலாம். ஷீட்டும் அந்த அளவில் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே பிரிண்டரைத் தீர்மானியுங்கள்.

மை பாதுகாப்பானதா என்பதை எப்படி அறிவது?

லேபிளைப் படிப்பதுதான் ஒரே வழி. உணவு வண்ணங்களின் பெயர் அல்லது எண், மற்ற உட்பொருட்கள், தயாரிப்பு எண், காலாவதித் தேதி, தயாரித்தவரின் முகவரி ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொதுவாக இந்த மையில் நீர், கிளிசரின், புரோப்பிலின் கிளைக்கால், உணவு வண்ணங்கள், சிட்ரிக் அமிலம் போன்றவை இருக்கும். உணவுத் தரம் என்ற இரண்டு சொற்கள் மட்டும் அச்சிட்ட, உட்பொருள் பட்டியலே இல்லாத பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

எந்த வண்ணம் எங்கே அனுமதிக்கப்பட்டது என்பது நாட்டுக்கு நாடு மாறும். எடுத்துக்காட்டாக, டார்ட்ரசின் எனப்படும் இ102, அல்லூரா ரெட் எனப்படும் இ129 உள்ளிட்ட ஆறு செயற்கை வண்ணங்கள் சேர்ந்த உணவில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஐசிங் ஷீட்டை வெண்மையாக்கச் சேர்க்கப்பட்டு வந்த டைட்டானியம் டையாக்சைடு என்னும் இ171 உணவில் சேர்க்கப்படுவதை அதே ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. ஆகவே மைக்கு மட்டுமன்றி ஷீட்டுக்கும் உட்பொருள் பட்டியலைக் கேளுங்கள். சைவ உணவு உண்பவர்களுக்குச் செய்யும்போது கிளிசரின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன் எனும் இ120 இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்காகச் செய்பவர்கள் இந்தப் பட்டியல்களைக் கோப்பில் சேர்த்து வைத்தால், ஒவ்வாமை பற்றி வாடிக்கையாளர் கேட்கும்போது உடனே பதில் சொல்லலாம்.

திரையில் பார்த்த நிறம் கேக்கில் வருவதில்லையே?

முழுமையாக வராது, அது பிரிண்டரின் கோளாறும் அன்று. உணவு வண்ணங்களால் உருவாக்கக்கூடிய நிறங்களின் எல்லை சாதாரண மையைவிடக் குறுகியது. ஆழ்ந்த சிவப்பும் கரும் கறுப்பும் சற்று வெளிறியே வரும். மேலும் இந்தப் பிரிண்டர்களில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது ஷீட்டின் நிறமே. அதனால் ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவின் வண்ணப் பூச்சின் மேலோ சாக்லேட்டின் மேலோ வேஃபர் பேப்பரை வைத்தால் அடியில் உள்ள நிறம் ஊடுருவித் தெரியும். மை தயாரிப்பாளர் ஐசிசி எனப்படும் வண்ணக் கோப்பு தந்தால் அதை நிறுவுங்கள்; முகங்களின் நிறத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

படத்தின் தரமும் முக்கியம். 20 சென்டிமீட்டர் அகலப் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக, அச்சிட ஏறக்குறைய 2,360 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பிய படம் சுருங்கியே வந்து சேரும். வாடிக்கையாளரிடம் அதை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிரிண்ட் ஹெட் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் இயந்திரத்தின் சுத்தம் செய்யும் சுற்றை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் அதையே பத்து முறை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சில்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் கேனானில் 5பி00 போன்ற பிழை எண்ணுடன் பிரிண்டர் நின்றுவிடும்.

ஹெட் கழற்றக்கூடியதாக இருந்தால், வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை ஒரு தட்டில் சிறிதளவு ஊற்றி, நுண்துளைகள் உள்ள அடிப்பகுதி மட்டும் நனையும்படி வையுங்கள். உலர்ந்த மை வண்ண இழைகளாகக் கரைந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நிறம் வருவது நிற்கும் வரை நீரை மாற்றுங்கள். பின்னால் உள்ள செம்பு நிற மின்தொடுப்புகளில் நீர் படக் கூடாது. பட்டுவிட்டால் முழுவதும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். ஈரத்தோடு பொருத்தி மின்சாரம் கொடுத்தால் ஹெட் மட்டுமன்றி பிரிண்டரின் முதன்மை மின்சுற்றுப் பலகையும் கெடலாம். ஒருநாள் பொறுத்தாலும் தவறில்லை. துளைகளைத் துணியாலோ பஞ்சாலோ அழுத்தித் தேய்க்கக் கூடாது. குழாய் நீரில் உள்ள உப்புகள் அடைப்பைக் கூட்டும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

உத்தரவாதம் கிடைக்குமா? சிப் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

பிரிண்டரைத் தயாரித்த நிறுவனம் உண்ணத்தக்க மையால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பேற்காது என்பதை மனத்தில் வைத்தே வாங்குங்கள். உத்தரவாதம் தருபவர் தொகுப்பாக விற்பவராகத்தான் இருப்பார். அவர் தருவது எத்தனை மாதத்திற்கு, அதில் ஹெட் அடைப்பு அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். அடைப்பைச் சேர்க்காத உத்தரவாதத்தால் இந்த வேலைக்கு அதிகப் பயனில்லை.

கார்ட்ரிட்ஜில் உள்ள சிப் மையின் அளவைக் கணக்கிடுகிறது. மீண்டும் நிரப்பிய கார்ட்ரிட்ஜைச் சில பிரிண்டர்கள் காலி என்றே காட்டும். பல கேனான் மாடல்களில் நிறுத்து பொத்தானை 5 நொடிக்கும் மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கணக்கை அது விட்டுவிடும். அதன் பிறகு மை இருக்கிறதா என்பதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக நடக்கும் மென்பொருள் புதுப்பிப்புகளை அணைத்து வையுங்கள், ஏனெனில் புதுப்பித்த பிறகு வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்த பிரிண்டர்கள் உண்டு.

பிரிண்டரை அடுப்பறையில் வைக்கலாமா?

வேண்டாம். மாவுத்தூள் உருளைகளில் ஒட்டும், நீராவி ஷீட்டை இளக்கும். தனி அறையில், வெயில் படாத மேசையில், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். ஷீட்டுகளைக் காற்றுப் புகாத பையில் சாதாரண வெப்பநிலையில் வையுங்கள். வறண்டால் அவை விரிசல் விடும். ஈரம் ஏறினால் பிளாஸ்டிக்கிலிருந்து உரியாமல் அடம்பிடிக்கும். உரியாத ஷீட்டை ஃப்ரீசரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, மேசையின் விளிம்பில் பிளாஸ்டிக்கைக் கீழ்நோக்கி மெல்ல வளைத்தால் ஓரம் தானாக எழும்.

வாங்கும் இடத்தில் என்ன சோதித்துப் பார்ப்பது?

முடிந்தால் ஒரு முகப் படத்தை எடுத்துச் சென்று, உங்கள் கண் முன்னால் ஐசிங் ஷீட்டில் அச்சிடச் சொல்லுங்கள். தாளில் அச்சிட்டுக் காட்டினால் போதாது. ஷீட் தடையின்றி உள்ளே போகிறதா, நெற்றியிலும் கன்னத்திலும் கோடு விழாமல் நிறம் சீராக இருக்கிறதா, உலர்ந்த விரலால் தொட்டால் எவ்வளவு நேரத்திற்குப் பிறகு மை ஒட்டாமல் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து அதே கடையில் அந்த மாடலுக்கான மாற்றுக் கார்ட்ரிட்ஜையும் பிரிண்ட் ஹெட்டையும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிண்டர் மாடல்கள் சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்துவிடுவதால், இவை இரண்டும் இருப்பில் இல்லாத கடையின் சலுகை விலைக்கு மயங்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே ஒரு நாசில் செக் எடுத்து, அந்தப் பக்கத்தில் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உத்தரவாதம் கேட்டுச் செல்லும்போது, புதிதாக இருந்தபோது கோடுகள் எப்படி வந்தன என்பதைக் காட்ட அது உதவும்.